பதக்கப் பட்டியலுக்குள் அடங்காத பிட்ருஷ்னா: ஐ.பி.யு. முடிவுத் தளம் எப்படி?

பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த விளையாட்டு பயத்லான். சர்வதேச பயத்லான் ஒன்றியம் (ஐ.பி.யு.) நடத்தும் பந்தய முடிவு இணையதளம் இலவசம். முடிவுகளைப் பார்க்கக் கணக்குத் திறக்க வேண்டாம், சந்தா கட்ட வேண்டாம். ஒரு பயத்லான் வீரரின் விளையாட்டு வாழ்க்கையை முழுதாகப் படிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் தேடியதும் முதலில் திறக்கிற வீரர் பக்கம் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. மீதி, ஒவ்வொரு பந்தயத்தின் பி.டி.எஃப். தாள்களுக்குள் இருக்கிறது. அந்தத் தாள்களை எடுக்கவும் படிக்கவும் தெரிந்தவருக்கு இது பொக்கிஷம். தெரியாதவருக்கு எண்களின் குவியல்.

சோதித்துப் பார்க்க உக்ரைனின் ஒலேனா பிட்ருஷ்னாவை எடுத்துக்கொள்வோம். தளத்தின் பலம், பலவீனம் இரண்டையும் அவருடைய வாழ்க்கை அளவுக்குத் தெளிவாகக் காட்டுகிறவர்கள் குறைவு. 2013 பிப்ரவரி 9, செக் குடியரசின் நோவே மெஸ்டோ: 7.5 கிலோமீட்டர் ஸ்பிரின்டில் உலகப் பட்டம். அதே பந்தயத்தில் நார்வேயின் டோரா பெர்கர் இரண்டாவது, உக்ரைனின் வீட்டா செமரென்கோ மூன்றாவது. அதே போட்டியில் ரிலே வெள்ளி. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ரிலே தங்கம். 2017 ஹோக்ஃபில்சன் உலக சாம்பியன்ஷிப்பில் ரிலே வெள்ளி. 2020 அன்டோல்ஸ், 2021 போக்லியுகா உலக சாம்பியன்ஷிப்புகள், இரண்டிலும் ரிலே வெண்கலம். 2018 பியாங்சாங் தொடக்க விழாவில் நாட்டின் கொடியை ஏந்தியவரும் இவர்தான். ஆக, ஒரே ஒரு தனிநபர் உலகப் பட்டமும், ரிலேயாகவே கட்டிய ஒரு வாழ்க்கையும். தளம் சறுக்குவது இந்த ரிலே விஷயத்தில்தான்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஆட்டத்தின் விதிகள் சுருக்கமாக. பனிச்சறுக்கில் ஓடி வந்து, .22 துப்பாக்கியால் 50 மீட்டர் தொலைவில் உள்ள ஐந்து இலக்குகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது இலக்கு 45 மில்லிமீட்டர் அகலம், நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர். ஸ்பிரின்ட் (தனித்தனியாகக் கிளம்பும் குறுகிய பந்தயம்), பர்சூட் (ஸ்பிரின்ட் இடைவெளியோடு கிளம்புவது), மாஸ் ஸ்டார்ட் (எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவது), ரிலே (நால்வர் அணி) ஆகியவற்றில் ஒரு குறி தவறினால் 150 மீட்டர் தண்டனைச் சுற்று. தனித்தனியாகக் கிளம்பும் நீண்ட பந்தயமான இன்டிவிஜுவலில் தண்டனைச் சுற்று கிடையாது, நேரத்தோடு 1 நிமிடம் கூடும். அதன் குறுகிய வடிவத்தில் 45 வினாடி. ரிலேயில் மட்டும் ஒவ்வொரு சுடுதலுக்கும் 3 உபரித் தோட்டாக்கள் உண்டு. அவற்றை மேகசினில் வைக்கக் கூடாது, ஒவ்வொன்றாகக் கையால் போட வேண்டும்.

ஆளைக் கண்டுபிடிப்பது

முதல் சிக்கலே இங்கேதான். உக்ரைன் பெயர்களை லத்தீன் எழுத்தில் எழுதுவதில் ஒரே முறை இல்லை. பிட்ருஷ்னாவின் குடும்பப் பெயர் பழைய செய்திகளில் ஒரு எழுத்துக்கூட்டல், தளத்தில் இன்னொன்று. அவருடைய ரிலே அணித் தோழி யூலியா ஜீமாவின் பெயரும் அப்படித்தான். செமரென்கோ சகோதரிகளில் ஒருவரான வால்யாவின் பெயரைக் கடைசியில் ‘ஜே’ எழுத்துப் போட்டுப் பதிந்திருக்கிறார்கள். நீங்கள் ‘ஒய்’, ‘ஏ’ என்று முடித்துத் தேடினால் சிக்காது. முழுப் பெயரை அடிக்காமல் குடும்பப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளை மட்டும் அடித்து, நாட்டுக் குறியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பிட்ருஷ்னாவுக்கு அப்படித் தேடும்போது திமித்ரோ பிட்ருச்னியும் பட்டியலில் வருவார். அவர் வேறு ஆள், உக்ரைன் ஆண்கள் அணியைச் சேர்ந்த உலக சாம்பியன். அவரிடம் பிறகு வருவோம்.

நம்பகமான வழி ஐ.பி.யு. அடையாள எண். இதன் அமைப்பு தெரிந்தால் பெயரின் எழுத்துக்கூட்டல் பற்றிய கவலையே இல்லை. முதலில் ‘பி.டி.’ என்ற இரண்டெழுத்து, பிறகு நாட்டின் மூன்றெழுத்துக் குறி, பிறகு ஆண் என்றால் 1, பெண் என்றால் 2. அடுத்து பிறந்த நாள், மாதம், ஆண்டு எட்டு இலக்கங்களில். கடைசியில் இரண்டு இலக்க வரிசை எண். பிட்ருஷ்னா பிறந்தது 1987 ஜனவரி 9. எனவே அவருடைய எண்ணில் 2, 09011987, 01 என்று வரும். அந்தக் கடைசி இரண்டு இலக்கங்கள் எதற்கு என்று பலரும் கேட்பதுண்டு. செமரென்கோ சகோதரிகளே விடை: வீட்டாவும் வால்யாவும் இரட்டையர், பிறந்தது 1986 ஜனவரி 18. நாடு, பாலினம், தேதி எல்லாம் ஒன்றே என்பதால் அந்த வரிசை எண் ஒன்றுதான் இருவரையும் பிரிக்கிறது. இருவருடைய புள்ளிவிவரங்களைச் சேகரிக்கிறவர்கள் எண்ணைக் கடைசி இலக்கம் வரை நகலெடுக்க வேண்டும். ஓர் இலக்கம் மாறினால் ஒருத்தியின் பதக்கம் மற்றவள் கணக்கில் விழும்.

நாடு மாறியவர்கள் விஷயத்திலும் கவனம் வேண்டும். 1999-ல் உக்ரைனுக்காக மூன்று உலகப் பட்டங்கள் வென்ற ஒலேனா சுப்ரிலோவா 2002-ல் பெலாரூஸ் அணிக்குப் போனார். நாடு வாரியாக வடிகட்டிப் பார்த்தால் அவருடைய வாழ்க்கை இரண்டாக அறுந்துவிடும்.

வீரர் பக்கம்: அழகு இருக்கிறது, ஆழம் இல்லை

பருவம் வாரியாக முடிவுகள், மொத்த இடம், படுத்துச் சுட்டதில் எத்தனை சதவீதம், நின்று சுட்டதில் எத்தனை சதவீதம், பதக்க எண்ணிக்கை. பக்கம் வேகமாகத் திறக்கிறது, கைப்பேசியிலும் படிக்க முடிகிறது. ஒரு பார்வைக்கு இது போதும். ஒப்பிட ஆரம்பித்தால் கோளாறு தொடங்கும்.

முதல் கோளாறு ரிலே. வீரர் பக்கத்தில் ரிலே வரியில் தெரிவது அணியின் இடம். அந்த ஓட்டத்தில் இவர் தனியாக என்ன செய்தார் என்பது இல்லை. நான்கு பேரில் ஒருவர் தண்டனைச் சுற்றுக்குப் போய் அணி எட்டாவது இடத்துக்குச் சரிந்திருக்கலாம். மற்ற மூவரில் ஒருவர் தன் ஓட்டத்தில் அன்றைய மிகச் சிறந்த நேரம் எடுத்திருக்கலாம். பக்கம் நால்வருக்கும் ‘8’ என்றுதான் போடும். பெரும்பாலும் கடைசி ஓட்டத்துக்கே நிறுத்தப்பட்ட பிட்ருஷ்னா போன்றவருக்கு இது பெரிய அநியாயம்.

இரண்டாவது, பருவம் முழுக்க நடக்கும் உலகக் கோப்பைத் தொடரின் புள்ளிகள். 2008–09 பருவத்திலிருந்து வெற்றிக்கு 60 புள்ளி. 2022–23 முதல் 90. ஆக, 2013-ல் ஒருவர் எடுத்த மொத்தப் புள்ளியையும் 2024-ல் இன்னொருவர் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிந்தையவர் இமயம் போலத் தெரிவார். அதோடு, எந்தப் போட்டிகள் கணக்கில் சேரும் என்பதும் மாறியிருக்கிறது. 2010 வான்கூவர் வரை ஒலிம்பிக் பந்தயங்களுக்கும் உலகக் கோப்பைப் புள்ளி உண்டு, 2014 முதல் இல்லை. உலக சாம்பியன்ஷிப்புக்கும் முன்பு புள்ளி உண்டு; 2023 ஓபர்ஹோஃபில் அது இல்லை. பிட்ருஷ்னாவின் 2013 ஸ்பிரின்ட் பட்டம் 60 புள்ளி தந்தது. அதே பட்டத்தை 2023-ல் வென்றிருந்தால் பூஜ்யம். எனவே புள்ளியை விட்டுவிட்டு, இடத்தையும் பந்தயத்தில் பின்தங்கிய நேரத்தையும் மட்டும் ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, போட்டித் தரம். உலகக் கோப்பையும், அதற்கு ஒரு படி கீழான ஐ.பி.யு. கோப்பையும், ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பும் ஒரே வாழ்க்கையில் கலந்து வரும். ஐரோப்பியப் பட்டம் மதிப்பானதுதான், ஆனால் முன்னணி வீரர்கள் பலர் அதற்கு வருவதில்லை. கோடையில் சக்கரச் சறுக்கில் நடக்கிற உலகப் போட்டி இன்னொரு தனி வகை. மொத்தப் பதக்கம் எத்தனை என்று எண்ணுமுன் எந்த மட்டம் என்ற வடிகட்டியைப் போட்டுவிடுங்கள்.

பகுப்பாய்வுத் தாள்: தளத்தின் உண்மையான பெருமை

பருவத்தைத் தேர்ந்தெடுத்து, ஊரைத் தேர்ந்தெடுத்து, பந்தயத்தைத் திறந்தால் தாள்களின் பட்டியல் வரும். தொடக்கப் பட்டியல், முடிவு, போட்டிப் பகுப்பாய்வு. மூன்றாவதுதான் வேண்டும். முடிவுத் தாளையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வானிலையும் பாதை விவரமும் அதில் இருக்கும்: காற்று வேகம், காற்று வெப்பம், பனி வெப்பம், பனியின் தன்மை, பாதையின் மொத்த நீளம், மொத்த ஏற்றம்.

பகுப்பாய்வுத் தாளில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு சிறு கட்டம். நெடுக்கில் சுற்றுகள், கிடையில் ஆறு வரிசைகள்: மொத்த நேரம், சுற்று நேரம், சுட்ட நேரம், சுடுதள நேரம், பாதை நேரம், தண்டனை நேரம். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அன்றைய பந்தயத்தில் அது எத்தனையாவது என்ற இடம். மகளிர் ஸ்பிரின்ட் என்றால் 2.5 கிலோமீட்டரில் மூன்று சுற்று. முதல் சுற்று முடிவில் படுத்து, இரண்டாவது முடிவில் நின்று. மூன்றாவது சுற்றுக்குச் சுடுதள நேரம் இருக்காது, நேரே முடிவுக்கோடு.

பலரும் குழம்புகிற இரண்டு வரிசைகள் சுட்ட நேரமும் சுடுதள நேரமும். சுட்ட நேரம் என்பது சுடுவதற்கு விரித்திருக்கும் பாயில் செலவான நேரம். நல்ல வீராங்கனைகளுக்குப் படுத்து 25 முதல் 35 வினாடி, நின்று அதைவிடக் கொஞ்சம் குறைவு. சுடுதள நேரம் என்பது தளத்துக்குள் நுழைந்ததிலிருந்து வெளியேறும் வரை. சறுக்கி உள்ளே வந்து, கம்புகளைக் கழற்றிப் போட்டு, துப்பாக்கியை முதுகிலிருந்து இறக்கி, சுட்டு, மாட்டி, கிளம்பும் வரை எல்லாம் சேரும். பொதுவாக 45 வினாடியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் ஒரு பருவம் முழுக்கக் குறித்து வந்தால் யார் தளத்துக்குள் வருவதிலும் கிளம்புவதிலும் வினாடிகளைச் சிந்துகிறார் என்று தெரியும். சுடுவது வேகம், ஆனால் கிளம்புவது மெதுவு என்று ஒருவரைப் பற்றி ஆதாரத்தோடு பேச இந்தக் கழித்தல் கணக்கு போதும்.

அடுத்து தண்டனை நேரம். ஒரு குறியும் தவறவிடாதவருக்குக்கூட இந்த வரிசையில் ஐந்தாறு வினாடி இருக்கும். தாளில் தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். தண்டனைச் சுற்றின் வாயிலுக்கு முன்னும் பின்னும் நேரம் அளக்கும் புள்ளிகள் இருக்கின்றன. நேராகக் கடந்து போகிறவருக்கும் அந்த இடைவெளியைக் கடக்க அவ்வளவு நேரம் ஆகிறது. எனவே தண்டனைச் சுற்றின் உண்மையான விலையைக் கணக்கிட, அதே சுடுதலில் ஐந்தும் அடித்தவர்களின் எண்ணைக் கழிக்க வேண்டும். கழித்தால் சாதாரணமாக 22 முதல் 26 வினாடி நிற்கும். கழிக்காமல் கூட்டினால் ஒவ்வொரு தவறுக்கும் ஐந்து வினாடி அதிகமாகக் குற்றம் சாட்டுவோம்.

கூட்டிப் பார்ப்பதும் நல்ல பழக்கம். எல்லாச் சுற்றுகளின் பாதை நேரம், சுடுதள நேரம், தண்டனை நேரம் மூன்றையும் கூட்டினால் முடிவு நேரம் வர வேண்டும். ஒருவருக்கு மட்டும் முடிவு நேரம் சரியாக இரண்டு நிமிடம் அல்லது அதன் மடங்கு அதிகமாக இருந்தால் அது நடுவர் போட்ட தண்டனை: தண்டனைச் சுற்றை ஓடாமல் விட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் 2 நிமிடம். ஐந்து தோட்டாவையும் சுடாமல் கிளம்பினாலும், சுடாத ஒவ்வொன்றுக்கும் 2 நிமிடம். செய்திகளில் வராத பல சோகங்கள் இந்தக் கூட்டலில்தான் வெளிப்படும்.

பாதை நேரத்தை ஊருக்கு ஊர் ஒப்பிடவே கூடாது. நோவே மெஸ்டோவும் போக்லியுகாவும் ஒரே நீளம் என்று தாளில் இருந்தாலும் ஏற்றமும் பனியும் வேறு. நிமிடத்தை விட்டுவிட்டு, அன்று பாதையில் மிக வேகமாக ஓடிய ஐந்து பேரின் சராசரியைவிட எத்தனை சதவீதம் பின்தங்கினார் என்று போட்டுப் பாருங்கள். பத்துப் பந்தயங்களுக்கு இப்படிச் செய்தால் ஒருவரின் கால் வலு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது கண்ணுக்குத் தெரியும் கோடாக வரும். தனித்தனியாகக் கிளம்பும் ஸ்பிரின்டுக்கும் இன்டிவிஜுவலுக்கும் மட்டும் இது பொருந்தும். மாஸ் ஸ்டார்ட்டிலும் ரிலேயிலும் கும்பலாக ஓடுவதால் முன்னால் போகிறவர் வேகத்தைக் கட்டுப்படுத்துவார், பின்னால் வருகிறவர் காற்று மறைவில் சேமிப்பார். அங்கே பாதை நேரம் கால் வலுவைவிட உத்தியைத்தான் அதிகம் சொல்லும்.

ரிலே தாள்: பிட்ருஷ்னாவைப் படிக்க வேண்டிய இடம்

2014 பிப்ரவரி 21, சோச்சி. மகளிர் 4×6 கிலோமீட்டர் ரிலே. வீட்டா செமரென்கோ, யூலியா ஜீமா, வால்யா செமரென்கோ, ஒலேனா பிட்ருஷ்னா என்ற வரிசையில் ஓடி, உக்ரைன் 1:10:02.5 நேரத்தில் வென்றது. 1994-ல் ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை ஒக்சானா பாயுல் வென்றதற்குப் பிறகு குளிர்கால ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் தங்கம். தலைநகர் கீவின் மைதான் சதுக்கத்தில் போராடிய மக்கள் சுட்டுக் கொல்லப்பட்ட அந்த வாரத்திலேயே இது நடந்தது.

அணியின் சுடுதல் கணக்கு தாளில் 0+5. கூட்டல் குறிக்கு முன்னால் இருப்பது தண்டனைச் சுற்றுகள், பின்னால் இருப்பது பயன்படுத்திய உபரித் தோட்டாக்கள். நான்கு பேர், ஆளுக்கு இரண்டு சுடுதல், ஒவ்வொன்றிலும் ஐந்து இலக்கு. மொத்தம் 40 இலக்குகளுக்கு 45 தோட்டா, ஒரு தண்டனைச் சுற்றும் இல்லை. ஒலிம்பிக் இறுதியில், பதற்றத்தின் உச்சத்தில், எட்டு சுடுதலுக்கு ஐந்தே உபரித் தோட்டா. தங்கம் என்ற ஒற்றைச் சொல்லைவிட இந்த 0+5 எனக்குப் பெரிதாகப் படுகிறது.

உபரித் தோட்டா ஒன்றுக்கு ஏறத்தாழ 7 முதல் 10 வினாடி போகும். விரைத்த விரலால் தோட்டாவை எடுத்து, அறையில் வைத்து, மூடி, மறுபடி குறி பார்க்க வேண்டும். குளிரில் தோட்டா நழுவிப் பாயில் விழுந்தால் இன்னும் நேரம். மூன்றும் போனால், ஒரு தண்டனைச் சுற்றின் விலை அங்கேயே கொடுத்தாயிற்று. 1+3 என்றால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார் என்று பொருள். ஆகவே ரிலே தாளில் ஒருவரின் சுடுதள நேரம் நீளமாக இருந்தால் உடனே ‘மெதுவாகச் சுடுகிறவர்’ என்று முத்திரை குத்தாதீர்கள். 0+0 வந்த சுடுதல்களை மட்டும் பிரித்தெடுத்து அவற்றுக்குள் ஒப்பிடுங்கள்.

கடைசி ஓட்டக்காரரின் கடைசிச் சுற்றையும் தனியாக வையுங்கள். இடம் உறுதியானபின் வேகம் தானாகக் குறையும். வெற்றி பெற்றவர் கொடி வாங்கி அசைத்தபடி கோட்டைக் கடப்பதும் உண்டு. அந்தப் பாதை நேரத்தை வைத்துச் சோர்ந்துவிட்டார் என்று எழுதுவது தவறு. கடைசி ஓட்டக்காரரின் தரத்தை நின்று சுடும் கடைசிச் சுடுதலில் பாருங்கள்: பக்கத்துப் பாயில் போட்டி அணி, ஒரே நேரத்தில் இருவரும். அந்த ஒரு வரிசையை 2013, 2014, 2017, 2020, 2021 ஆகிய ஐந்து தாள்களிலிருந்தும் எடுத்துப் பக்கம் பக்கமாக ஒட்டிப் பாருங்கள். வீரர் பக்கம் மறைத்த பிட்ருஷ்னா அங்கே கிடைப்பார்.

சோச்சி முடிவை எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. அன்று இரண்டாவது வந்த ரஷ்ய அணியின் முடிவு ஊக்கமருந்து வழக்கில் பின்னர் நீக்கப்பட்டது; நார்வே இரண்டாம் இடத்துக்கு ஏறியது. அன்றைய தேதியில் அச்சான தாள் ஒன்று சொல்லும், இன்றைய முடிவுப் பட்டியல் வேறு சொல்லும். இரண்டையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். உக்ரைனின் தங்கத்தில் எந்த மாற்றமும் இல்லை.

பர்சூட்: பிட்ருச்னியின் தாள்

திமித்ரோ பிட்ருச்னி 2019 மார்ச் 10 அன்று ஸ்வீடனின் ஊஸ்டர்சுண்டில் 12.5 கிலோமீட்டர் பர்சூட்டில் உலக சாம்பியன் ஆனார். யோஹான்னஸ் திங்னஸ் பூ இரண்டாவது, கான்டான் ஃபியோன் மாயே மூன்றாவது. முந்தைய நாள் ஸ்பிரின்டில் பிட்ருச்னி முதல் மூன்றில் இல்லை. பர்சூட்டில் ஸ்பிரின்ட் இடைவெளியோடுதான் கிளம்ப வேண்டும் என்பதால், முடிவு நேரத்தில் அந்த இடைவெளியும் ஒளிந்திருக்கும். அன்றைய ஓட்டத்தை மட்டும் பார்க்க, முடிவு நேரத்திலிருந்து தொடக்கப் பின்தங்கலைக் கழியுங்கள். இருபதாவது இடத்தில் முடித்த ஒருவர் அந்தக் கணக்கில் ஐந்தாவதாக இருப்பது அடிக்கடி நடப்பதுதான். ஒரு சுற்று முழுக்கப் பின்தங்கிப் பிடிபட்டவர் பந்தயத்தை விட்டு விலக்கப்படுவார். அவருடைய தாள் பாதியில் நிற்கும், அதைச் சராசரியில் சேர்க்கக் கூடாது.

நேரலை

பந்தய நாளில் தளமும் செயலியும் ஓடிக்கொண்டே எண்களைத் தரும். ஸ்பிரின்டில் 30 வினாடிக்கு ஒருவர் கிளம்புவதால், திரையில் தெரியும் இடம் இதுவரை அந்தப் புள்ளியைக் கடந்தவர்களுக்குள் மட்டுமே. முதலில் கிளம்பியவர் வெகுநேரம் ‘1’ ஆகவே இருப்பார், பரபரப்பு வேண்டாம். பந்தயம் முடிந்ததும் வருவது தற்காலிக முடிவு. ஆட்சேபம் சொல்ல 15 நிமிட அவகாசம் உண்டு. அது கழிந்து இறுதி என்று குறிக்கப்பட்ட தாளை மட்டும் சேமியுங்கள். பழைய ஆண்டுகளுக்குப் போகப் போக விவரம் குறையும். வலன்டீனா ட்செர்பே 1994 லில்லஹாமரில் வென்ற ஸ்பிரின்ட் வெண்கலம் போன்ற 1990-களின் முடிவுகளுக்கு இடம், நேரம், தவறிய குறி இவற்றைத் தாண்டி எதிர்பார்க்க வேண்டாம்.

தளம் சொல்லாமல் விடுவது

2021–22 பருவத்தை உக்ரைன் வீரர் எவருடைய பக்கத்திலாவது திறந்து பாருங்கள். பெய்ஜிங் ஒலிம்பிக் 2022 பிப்ரவரி 20-ல் முடிந்தது. 24-ல் ரஷ்யப் படையெடுப்பு. மார்ச் முதல் வாரம் கோன்டியோலஹ்தியில் உலகக் கோப்பை தொடர்ந்தபோது உக்ரைன் அணி தொடக்கக் கோட்டில் இல்லை. பக்கத்தில் அது வெறும் வெற்றிடம். காயத்தால் ஒதுங்கியவரின் பக்கமும், அணியில் இடம் கிடைக்காதவரின் பக்கமும் அப்படியேதான் இருக்கும். அந்த வாரங்களில் பிட்ருச்னி தேசியக் காவல் படையின் சீருடையில் இருந்தார். இளையோர் அணியில் ஓடிய யெவ்ஹென் மலிஷெவ் 19 வயதில் கார்கிவ் அருகே போரில் கொல்லப்பட்டார். அவருடைய முடிவுகள் தளத்தில் ஒரு பருவத்தோடு நின்றுபோனதாக மட்டும் தெரியும். வெற்றிடத்தைப் பார்த்து ‘ஃபார்ம் போய்விட்டது’ என்று எண்ணைக் கொண்டு முடிவு கட்டுகிறவர்கள் தேதியை ஒருமுறை பார்க்க வேண்டும். 2022-க்குப் பிறகான உக்ரைன் முடிவுகளை அதற்கு முந்தைய சராசரியோடு நேராக ஒப்பிடுவதும் நியாயமில்லை.

ஒன்றியம் இரண்டு விஷயங்களைச் செய்யலாம். ரிலே வரியில் அணியின் இடத்துக்குப் பக்கத்திலேயே அந்த வீரரின் ஓட்ட நேரம், ஓட்டத்தில் அவருடைய இடம், 0+1 போன்ற அவருடைய சுடுதல் கணக்கு மூன்றையும் போடலாம். தாளில் ஏற்கெனவே இருக்கிற எண்கள்தான், புதிதாக எதையும் அளக்க வேண்டியதில்லை. பங்கேற்காத பருவங்களுக்குக் காரணத்தை ஒற்றை வரியில் குறிக்கலாம். அதுவரை, பிட்ருஷ்னாவைத் தேடுகிறவர்கள் வீரர் பக்கத்திலிருந்து ஆறு தேதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு நேரே தாள்களுக்குப் போங்கள்: 2013 பிப்ரவரி 9 ஸ்பிரின்ட், 2013 நோவே மெஸ்டோ, 2014 பிப்ரவரி 21 சோச்சி, 2017 ஹோக்ஃபில்சன், 2020 அன்டோல்ஸ், 2021 போக்லியுகா ரிலேக்கள். பகுப்பாய்வுத் தாளும் முடிவுத் தாளும் என்று மொத்தம் பன்னிரண்டு கோப்புகள். சேமிக்கும்போது கோப்பின் பெயரில் ஆண்டு, ஊர், பந்தயம் மூன்றையும் நீங்களே எழுதிவிடுங்கள்.